அசையாத அறை

பத்தொன்பதாவது நாளும் டயலின் முள் அதே இடத்தில்தான் நின்றது. அவள் கையுறையைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியை நகத்தால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தாள். சிக்கிக்கொண்ட முள்ளாக இருந்தால் தட்டியதும் ஒரு துள்ளுத் துள்ளி ஓரிரு கோடாவது தள்ளிப் போய் நிற்கும். இது அசையவில்லை. பக்கத்து மேசைகளில் இருந்த மற்ற இரண்டு டயல்களும் ஒழுங்காகத் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்று நேற்றைவிட நான்கு கோடு இறங்கியிருந்தது, இன்னொன்று ஐந்து. நோட்டில் எழுதினாள். மூன்றாவது கட்டத்தில் நேற்றைய எண்ணையே எழுதினாள். முந்தாநாள் எழுதியதும் அதுதான். பக்கத்தின் மேலிருந்து கீழ்வரை ஒரே எண் எறும்பு வரிசைபோல இறங்கி வந்திருந்தது.

அந்தக் குளிர் அறை கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. பத்தடிக்குப் பத்தடி, பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி. கதவைச் சாத்திவிட்டால் விசிறியின் உறுமலைத் தவிர வேறு சத்தம் கிடையாது. துருவத்துப் பனிப்படலத்தின் அடியாழத்திலிருந்து வெட்டி எடுத்து வந்த பனிக்கட்டியைத் தண்ணீர்த் தம்ளர் அளவுக்கு உருளையாகக் கடைந்து, இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவில் நிறுத்தி, மேலே எடையை ஏற்றிவிடுவார்கள். பாரத்தில் உருளை எவ்வளவு நசுங்கியது என்பதை டயல் காட்டும். அதற்குமேல் காத்திருப்பதுதான் அவள் வேலை. பதினான்கு வருஷமாகக் காத்திருக்கிறாள். பனிக்கட்டி என்றால் உடையும், இல்லையென்றால் உருகும் என்றுதான் ஊரில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டும் செய்யாமல் அது போய்க்கொண்டே இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். நாளுக்கு ஒரு மயிரிழை. பார்த்தால் கல், பழகினால் கெட்டித் தேன். மேலே எடை இருக்கிற வரைக்கும் அது நின்றதாகச் சரித்திரமே இல்லை. அவள் கையில் கடைந்து நிறுத்திய நூற்றுக்கணக்கான உருளைகளில் ஒன்றுகூட அப்படி நின்றதில்லை, இந்த ஒன்றைத் தவிர.

ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா. வாசலில் கையெழுத்து வாங்குகிறவர் முதல் துறைத்தலைவி மேடம் வரை. மேடம் அவளைவிட ஆறு வயது மூத்தவர் என்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை. அவளை அக்கா என்று கூப்பிட உண்மையான உரிமை உள்ளவன் இங்கே இல்லை. அந்த உருளை எங்கிருந்து வந்ததோ அங்கே இருந்தான்.

அவள் தம்பி தச்சன். பனிப்படலத்தின் ஓரத்திலிருந்து உள்ளே சாய்வாகக் குடைந்து இறங்கும் ஒரு சுரங்கத்தில் போன கோடையிலிருந்து வேலை பார்த்தான். அடியாழத்துப் பனியை அதன் இடத்திலேயே வைத்து ஆராய்வதற்காக எட்டுப் பேர் அங்கே அறை குடைந்து தங்கியிருந்தார்கள். மேலே கிடக்கும் பனியின் பாரத்தில் அந்த அறைகள் நாளுக்கு நாள் சுருங்கும். கூரை இறங்கும், சுவர் நெருங்கும், கதவு நிலையைக் கவ்விக்கொண்டு திறக்க மாட்டேன் என்னும். கதவை இழைத்துக் கொடுப்பதுதான் அவன் உத்தியோகம். திங்கட்கிழமை முதல் அறை, செவ்வாய்க்கிழமை இரண்டாவது. சனிக்கிழமை முடிவதற்குள் முதல் அறைக் கதவு மறுபடி இறுகியிருக்கும். அவனுடைய பெயரை மறந்துபோய் அங்கே எல்லோரும் அவனைக் 'கதவு' என்றே கூப்பிட்டார்கள்.

"இப்படியே இழைச்சுக்கிட்டிருந்தா கடைசியில கதவே இல்லாம கைப்பிடிதான் மிஞ்சும்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லிச் சிரித்தான். ஞாயிறு நண்பகலில்தான் பேசுவான். சுரங்கத்துக்குள் போன் எடுக்காது. இருநூற்றுப் பன்னிரண்டு படி ஏறி மேலே இருக்கும் குடிலுக்கு வந்து, ரேடியோக்காரர் இணைப்புப் போட்டுக் கொடுத்தால் பேச வேண்டும். முதல் ஒரு நிமிஷம் மூச்சு வாங்கும் சத்தம்தான் வரும். அவளுடைய கணவர் அதைக் கேட்டுவிட்டு, "உன் தம்பி மூச்சுவிட்டதுக்கே பாதி நேரம் போச்சு" என்பார்.

அவன் அவ்வளவு தூரம் போனதற்குக் காரணம் உண்டு. நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு மண்டபத்தில் அவன் செய்து பொருத்திய மரப்படிக்கட்டு, திறந்த பதினொன்றாம் நாள் ஆட்களோடு சரிந்தது. ஒரு பெண்ணுக்குக் கால் போனது. விசாரித்தவர்கள் மரத்தில்தான் கோளாறு, தச்சன்மேல் தவறில்லை என்று எழுதிக்கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தை அவன் மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டான், ஒருநாளும் நம்பவில்லை. அக்கா வீட்டுக்கு வந்தால் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பு அதை ஆட்டிப் பார்ப்பான். ஊஞ்சல்போல உலகத்தில் எல்லாமே ஆடிக்கொண்டிருப்பதாக அவனுக்கு ஒரு நினைப்பு.

அந்த அறை கிடைத்தது ஏழு வாரத்துக்கு முன்பு. சுரங்கத்தை நீட்டிக் குடைந்துகொண்டே போனபோது பனிக்கு நடுவில் ஒரு மரநிலை தட்டுப்பட்டது. நிலைக்கு அந்தப்பக்கம் ஓர் அறை. நாற்பது வருஷத்துக்கு முன்னால் வேறு ஒரு குழு குடைந்து விட்டுவிட்டுப் போனது. அப்படியோர் அறை இருந்ததாகப் பழைய வரைபடத்தில் உண்டு. ஆனால் இத்தனை வருஷத்தில் அது நசுங்கி, ஒரு கோடாகி, அதுவும் மறைந்திருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு.

"அக்கா, உள்ள போய்ப் பாத்தா நேத்துத்தான் கட்டின மாதிரி இருக்கு" என்றான் அன்றைக்கு. மூச்சு அடங்குவதற்கு முன்பே பேச ஆரம்பித்திருந்தான். "நாலு மூலையும் மூலைமட்டம் வெச்சுப் பாத்துட்டேன். சுத்தமா தொண்ணூறு. மேசை மேல ஒரு ரசமட்டம் வெச்சுட்டுப் போயிருக்காங்க. அதோட கண்ணாடிக் குழாய்க்குள்ள குமிழ் நட்டநடுவுல நிக்குது. நாப்பது வருஷமா நிக்குதுக்கா."

"நசுங்கலையா?"

"ஒரு நூல்கூட இல்ல. சத்தமும் இல்ல. மத்த அறையில சுவரு படபடன்னு வெடிச்சுக்கிட்டே இருக்கும், உனக்குச் சொல்லியிருக்கேன்ல. இங்க ஒண்ணும் இல்ல. நம்ம மூச்சு மட்டும்தான் கேக்குது."

அந்த வாரமே அவன் தன் படுக்கையை அங்கே மாற்றிக்கொண்டான். ஆய்வகத்துக்கு ஒரு துண்டு வெட்டி அனுப்பச் சொன்னபோது, அறைச் சுவரில் கைவைக்க மனம் வராமல், நிலையை ஒட்டி வாசல் பக்கத்தில் வெட்டி அனுப்பினான். அதில் கடைந்ததுதான் இப்போது மூன்றாவது மேசையில் பத்தொன்பது நாளாக நிற்கும் உருளை.

மேடம் தினமும் கீழே இறங்கி வந்தார். முழுக்கை கோட்டை மேலே போட்டுக்கொண்டு அந்த டயலின் முன் நிற்பார். கோவிலில் நிற்கிற மாதிரி இருக்கும்.

"டயல் கோளாறா இருக்கலாம் மேடம்" என்றாள் அவள்.

"மூணு டயல் மாத்திட்டீங்களே அக்கா."

"இருந்தாலும்..."

"ஓடாத பனி. இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்ல. நாமதான் மொதல்ல பார்க்கிறோம்." மேடத்தின் மூச்சு வெண்புகையாக டயல்மேல் பட்டுப் படிந்தது. "அங்க எல்லாரையும் அந்த அறைக்கே மாறிடச் சொல்லிட்டேன். மத்த அறையெல்லாம் இன்னும் எத்தனை மாசம் தாங்கும்? உங்க தம்பி முதுகும் கொஞ்சம் நிமிரட்டும்."

அப்படியாக எட்டுப் பேரும் அங்கே குடியேறினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி பேசவில்லை. அதற்கடுத்த ஞாயிறு பேசினான், ஆனால் பேச்சில் அவசரம் இல்லை. ஒரு கேள்வி கேட்டால் பதில் வர இவ்வளவு நேரமா என்று அவளுக்குத் தோன்றியது. இணைப்புத் தாமதம் என்று முதலில் நினைத்தாள். ஆனால் இணைப்புப் போட்டுக் கொடுத்த ரேடியோக்காரர் இருமிக்கொண்டே அவள் கேட்டதற்கெல்லாம் உடனுக்குடன் பதில் சொல்லியிருந்தார்.

"சாப்பிட்டியாடா?"

"ம்."

"வேலை?"

"இங்கதான் கதவு இறுகறதே இல்லையே. இழைப்புளியத் தொட்டே பத்து நாளாச்சு. எல்லாரும் நல்லா தூங்கறோம். நேத்து பதினாலு மணி நேரம் தூங்கியிருக்கோம், எட்டுப் பேரும். யாரும் யாரையும் எழுப்பல." கொட்டாவி விட்டான். "அவங்க விட்டுட்டுப் போன நோட்டு ஒண்ணு கெடைச்சுதுக்கா. தினமும் சுவருக்குச் சுவர் அளந்து எழுதி வெச்சிருக்காங்க. ஒரே நம்பர். பக்கம் பக்கமா அதே நம்பர். படிச்சா மனசுக்கு என்னமோ நல்லா இருக்கு."

"வேற ஒண்ணும் எழுதலையா?"

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "வேற என்ன... வாசல் வெட்டினோம். அப்புறம் நம்பர், நம்பர், நம்பர். பத்து நாள் கழிச்சு, வாசல் வெட்டினோம். மறுபடி நம்பர். அவ்ளோதான். கடைசிப் பக்கத்துலயும் வாசல் வெட்டினோம்னுதான் இருக்கு."

"எதுக்கு வெட்டினாங்களாம்?"

"தெரியலையே. பெருசு பண்ணியிருப்பாங்க" என்றான். பிறகு, ஞாபகம் வந்தவனைப்போல, "எவனோ நம்ம வாசல்லயும் ஒரு படி வெட்டி வெச்சிருக்கான்க்கா. கேட்டா நான் இல்ல நீ இல்லங்கறானுங்க. இறங்கறதுக்கு ஒரு பலகை அடிச்சுப் போட்டேன். போன வாரம் போட்டது பத்தல, இப்ப நீளமா ஒண்ணு போட்டிருக்கேன்" என்றான்.

போனை வைத்த பிறகு கணவர் ஏதோ கேட்டார். அவள் காதில் விழவில்லை. வாசல் வெட்டினோம். சுவர் நகரவில்லை, கூரை இறங்கவில்லை, பனி அசையவில்லை என்றால் வெட்டிய வாசலை எதற்காகப் பத்து நாளுக்கு ஒருமுறை மறுபடி வெட்டினார்கள்? பாத்திரம் கழுவும்போது அந்த இரண்டு சொல்லும் கூடவே வந்தன. துணியை மடிக்கும்போதும் வந்தன.

திங்கட்கிழமை காலை குளிர் அறைக்குள் நுழைந்ததும் அவள் மூன்றாவது மேசைப் பக்கம் போகவில்லை. மிச்சமிருந்த துண்டிலிருந்து கண்ணாடித்தாள் அளவுக்கு மெல்லிசாக ஒரு சீவல் சீவி, விளக்குப் பெட்டியின்மேல், ஒளியை வடிகட்டும் இரண்டு கருந்தகடுகளுக்கு நடுவில் வைத்தாள். சாதாரணப் பனியை அப்படி வைத்தால் ஒட்டுத்துணி விரித்த மாதிரி இருக்கும். ஒவ்வொரு படிகமும் ஒவ்வொரு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பதால் ஒன்று நீலம், ஒன்று மஞ்சள், ஒன்று செம்பழுப்பு என்று ஆளுக்கொரு நிறம் காட்டும். இந்தச் சீவல் முழுக்க ஒரே சாம்பல் நிறம். அதைத் திருப்பினாள். ஒரு கட்டத்தில் அத்தனையும் ஒரே நேரத்தில் அணைந்தது. கொஞ்சம் திருப்பினாள், அத்தனையும் ஒன்றாக எரிந்தது. பல்லாயிரம் படிகங்கள், ஒன்றுகூட விலகாமல், எல்லாம் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு கூட்டம் மொத்தமாகத் தலையைத் திருப்பி அவளைப் பார்த்துவிட்டுப் பழையபடி திரும்பிக்கொண்ட மாதிரி இருந்தது. அவள் விளக்கை அணைத்துவிட்டுச் சிறிது நேரம் வெளியே போய் நின்றாள்.

பதினான்கு வருஷத்தில் காதில் விழுந்தது கொஞ்சமா நஞ்சமா? படிகங்கள் இப்படி ஒரே திசையில் அடுக்கியிருந்தால், அடுக்குக்கு நேராக அழுத்தினால் பனி இரும்பு மாதிரி நிற்கும் என்று மேடமே பாடம் எடுத்துக் கேட்டிருக்கிறாள். நேராக அழுத்தித்தான் இவ்வளவு நாளும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சாய்வாக? யாரையும் கேட்காமல் மிச்சத் துண்டைச் சாய்த்துப் பிடித்து, அடுக்கு குறுக்கே சாய்ந்து ஓடும்படி ஓர் உருளை கடைந்தாள். கடையும்போது வேறு பனிபோலக் கரகரக்கவில்லை. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கியது. செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு மற்றவற்றின்மேல் வைத்த அதே எடையை இதன்மேலும் ஏற்றிவிட்டுப் போனாள்.

புதன்கிழமை காலையில் நான்காவது மேசையின் முள் கடைசிக் கோட்டையும் தாண்டி, அதற்குமேல் போக வழியில்லாமல் முட்டிக்கொண்டு நின்றது. உருளை உடையவில்லை. ஒரு கீறல்கூட இல்லை. சீட்டுக்கட்டை விரலால் தள்ளினால் எப்படிச் சரியுமோ அப்படி மேல்பாதி கீழ்ப்பாதியின்மேல் வழுக்கிக்கொண்டு பக்கவாட்டில் போயிருந்தது. மேல்பாதியை எடுத்து அளந்தாள். அச்சு மாறாமல் வட்டமாகவே இருந்தது. கீழ்ப்பாதியும் அப்படியே. இரண்டும் தனித்தனியே பார்த்தால் எதுவுமே நடக்காதவை.

அவள் மாடிக்கு லிஃப்டில் போகவில்லை, ஓடினாள். கையில் அந்த உருளையை ஒரு குளிர்ப்பெட்டியில் வைத்து எடுத்துப் போயிருந்தாள். மேடம் பெட்டிக்குள் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். எழுந்து அலமாரியிலிருந்து பழைய வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்தார்.

"இந்த அறை இதுல மேல இருக்கு" என்றார். "கெடைச்சது அதுக்கு நாப்பது அடி கீழ. அந்தக் காலத்துல ஒழுங்கா அளக்கலேன்னு நெனச்சேன். சிரிச்சுக்கூட இருக்கேன் அக்கா."

"அங்க பனி அடுக்கு எப்படிப் போகுது மேடம்? படுத்திருக்கா, நிக்குதா?"

"அடியில பாறை மேடு இருக்கு. மேட்டுல ஏறி மடிஞ்சு... நின்னுக்கிட்டிருக்கு." மேடத்தின் விரல் வரைபடத்தில் அறையின் வாசலில் போய் நின்றது. "வாசல் இருக்கிற இடத்துலதான் வழுக்குது. நாம அந்தப் பக்கமா வழி வெட்டினோம். எட்டுப் பேரோட சூட்டை வேற உள்ள விட்டோம். வருஷத்துக்கு ஒரு அடி போயிட்டிருந்தது இப்ப..." வரைபடத்திலிருந்து கையை எடுத்தார். "நான்தான் எல்லாரையும் அங்க படுக்கச் சொன்னேன்" என்றார். தன் மேசையிலிருந்த போனை அவள் பக்கம் தள்ளினார்.

ரேடியோக்காரர் உடனே எடுத்தார். புதன்கிழமை கூப்பிட்டதற்கு ஆச்சரியப்படக்கூட இல்லை. அவர் குரலும் நிதானமாக இருந்தது. "கதவு தூங்கறான்" என்றார். "எல்லாருமே தூங்கறாங்க. நான் மட்டும் இப்பத்தான் மேல வந்தேன்."

"எழுப்பிக் கூட்டிட்டு வாங்க அண்ணே. அவன் அக்கா கூப்பிடறான்னு சொல்லுங்க. இப்பவே."

முக்கால் மணி நேரம். அவளும் மேடமும் போனுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில், யாரோ வண்டியைப் பின்னால் எடுக்கத் தெரியாமல் திணறிக்கொண்டிருந்தார். கடைசியில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

"என்னக்கா, வீட்டுல ஏதாவது...?"

"வீட்டுல ஒண்ணும் இல்ல. நீ அந்த அறையைக் காலி பண்ணணும். எல்லாரும். இன்னிக்கே."

"இல்லக்கா" என்றான். குழந்தையிடம் சொல்வதுபோலச் சொன்னான். "நான் காலையில எழுந்தா மொதல் வேலையா மூலைமட்டம் வெச்சுப் பாக்கறேன். நாலு மூலையும் தொண்ணூறு. குமிழ் நடுவுல இருக்கு. நாலு வருஷத்துல மொத மொதலா நான் ஆடாத இடத்துல படுத்திருக்கேன். உன் டயல்கூட அதைத்தான் சொல்லுதுன்னு மேடம் சொன்னாங்களே."

"அறை சதுரமாத்தான்டா இருக்கும்" என்றாள் அவள். தன் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை. "கடைசி வரைக்கும் சதுரமாவே இருக்கும். குமிழும் நடுவுலயே நிக்கும். அறைக்குள்ள எதுவும் அசையலடா, அறையே மொத்தமா கீழ வழுக்கிக்கிட்டுப் போகுது. உள்ள இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?"

அவள் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினாள்.

"எனக்காக ஒண்ணு பண்ணு. அறையை அளக்காத. வாசலை அள. வெளியில சுரங்கத்துத் தரை எங்க இருக்கு, நிலையோட மேல்சட்டம் எங்க இருக்கு, நடுவுல எவ்ளோ திறப்பு இருக்குன்னு பாத்துட்டு வா. மொத நாள் எவ்ளோ இருந்துச்சு?"

"ஆறடி. நிலையோட உயரம் ஆறடி ஒரு அங்குலம்."

"அந்த நிலை இருக்கா இப்ப?"

"இருக்கு" என்றான், ஆனால் இந்த முறை அவசரமாக. "இருக்குக்கா. நான் பாத்துட்டு வரேன்."

இன்னும் ஒரு மணி நேரம். ரேடியோக்காரர் இணைப்பைத் துண்டிக்காமல் ரிசீவரை மேசைமேல் வைத்திருந்தார். ஜெனரேட்டர் ஓடும் சத்தம், குடிலின் தகரத்தில் காற்று உரசும் சத்தம், அவருடைய இருமல். ஒருமுறை அவர் ரிசீவரை எடுத்து, "இன்னும் வரல" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். மேடம் அவளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அவள் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

தம்பி வந்தபோது ஓடி வந்திருந்தான். சொற்கள் மூச்சுக்கு நடுவில் ஒவ்வொன்றாக வந்தன.

"மார் உயரம்."

"என்ன?"

"என் மார் உயரம்தான்க்கா இருக்கு வாசல். நாலடிகூட இல்ல. நிலையோட மேல்சட்டம் என் நெஞ்சுக்கு நேரா நிக்குது, கீழ்ப்பக்கம் சுரங்கத்துத் தரைக்குக் கீழ போயிருச்சு." அவன் அழுகிறானா என்று அவளுக்குப் புரியவில்லை. "இன்னிக்குக் காலையில அது வழியாத்தான் வந்தேன். நேத்தும் அது வழியாத்தான். ஒரு நாளைக்கு இருபது தடவை போயிட்டு வர்றோம், எட்டுப் பேரும். குனிஞ்சுதான் போயிட்டு வந்திருக்கேன்க்கா. குனியறேன்னே தெரியல. யாருக்குமே தெரியல."

மேடம் ரிசீவரை வாங்கி, ஒரு தலைவி பேச வேண்டிய விதத்தில், நான்கு வரியில் உத்தரவு போட்டார். படுக்கை, சாமான் எதுவும் வேண்டாம், ஆட்கள் மட்டும் வெளியே வந்தால் போதும், உள்ளே போகும் மின்கேபிளை அறுத்துவிட வேண்டும், ஒவ்வொருவராகப் பெயரைச் சொல்லி எண்ணிக்கொள்ள வேண்டும்.

அன்று மாலை நான்கு மணிக்குள் எட்டுப் பேரும் மேலே குடிலில் இருந்தார்கள். எழுப்புவதுதான் பெரும்பாடு என்றான் தம்பி. இரண்டு பேரைக் காலைப் பிடித்து இழுத்து வெளியே போட வேண்டியிருந்ததாம். வெளியே வந்ததும் அவர்களுக்குக் கோபம் வந்ததாம், நல்ல தூக்கத்தைக் கெடுத்துவிட்டான் என்று. கடைசியாக வெளியே வந்தது அவன்தான். இழைப்புளியை எடுக்கக்கூட அவன் திரும்பிப் போகவில்லை. அதைக் கேட்டபோதுதான் அவளுக்குப் போன உயிர் வந்தது.

வாசல் அதன்பிறகு ஒன்பது நாள் தாங்கியது. ரேடியோக்காரர் தினமும் ஒரு தரம் சொன்னார். இடுப்பு உயரம். முழங்கால். ஒரு சாண். பத்தாம் நாள், சுரங்கத்தின் முடிவில் வழவழப்பான பனிச்சுவர் ஒன்று நிற்பதாகவும், அங்கே ஒரு வாசல் இருந்ததென்று சொன்னால் இனி யாரும் நம்பமாட்டார்கள் என்றும் சொன்னார்.

குழு திரும்பி வர விமானம் கிடைக்க இன்னும் மூன்று வாரம் ஆகும். மற்றவர்கள் பழைய அறைகளில் நெருக்கிப் படுத்துக்கொண்டார்கள். கதவுகள் பழையபடி இறுகின. தம்பி பழையபடி இழைக்கிறானா என்று அவள் கேட்டாள். ரேடியோக்காரர் முதலில் இருமினார்.

"அவன் அந்தச் சுவர்கிட்டயே போய் உக்காந்திருக்கான்" என்றார். "அவன் மட்டும் இல்ல, எல்லாரும்தான் போறாங்க. நானும் போனேன்."

"எதுக்கு?"

"உள்ள ஒரு விளக்கு எரியுதும்மா."

அவளுக்கு முதலில் புரியவில்லை. "எந்த விளக்கு?"

"அறைக்குள்ள. பனி தெளிவா இருக்குல்ல, மங்கலா மஞ்சளா தெரியுது. கேபிளை நான்தான் அறுத்தேன், என் கையாலயே. டார்ச்சு, பேட்டரி விளக்கு எல்லாத்தையும் எண்ணிட்டோம், ஒண்ணும் குறையல. எட்டுப் பேரும் இங்கதான் இருக்கோம்." இருமினார். "மொத நாள் முழங்கால் உயரத்துல தெரிஞ்சுது. இப்ப கீழ போயிருச்சு. ரொம்பக் கீழ. உங்க தம்பி சொல்லித்தான் ஒரு படம் எடுத்தேன். உங்களுக்கு அனுப்பச் சொன்னான்."

"அவன்கிட்டக் குடுங்க."

"கீழ இருக்கான்மா. கூப்பிட்டேன். கொஞ்ச நேரத்துல வரேன்னான்."

படம் வந்து சேர மதியம் ஆனது. அவள் கீழே குளிர் அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து அதைத் திறந்தாள். சுரங்கத்தின் முடிவு. ரேடியோக்காரர் பின்னாலிருந்து எடுத்திருக்கிறார். எதிரே நீலம் பாரித்த பனிச்சுவர். சுவரும் தரையும் சேரும் இடத்தில், விரல் தடிமனுக்கு, மஞ்சளாக ஒரு வெளிச்சக் கோடு. அதன் முன்னால் தம்பி குப்புறப் படுத்திருந்தான். கன்னம் தரையில் பதிந்திருந்தது. இரண்டு கையையும் கண்ணுக்குப் பக்கத்தில் குவித்து அந்தக் கோட்டுக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் மற்ற ஆறு பேர் நின்றிருந்தார்கள், முகம் தெரியவில்லை, முதுகுகள்தான்.

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். சுரங்கத்தின் கூரை அந்த இடத்தில் நல்ல உயரம். அவர்கள் தலைக்கு மேல் இன்னும் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் இருந்தது. ஆறு பேரும் குனிந்து நின்றார்கள்.